ஆறின மோரை ஊதிக் குடித்தவள்

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பஸ்ஸின் முதுகில் ஆளுயர அடுப்பைக் கட்டிக் கரியை எரித்து ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்பதே பேச்சுக்குத்தான். திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் வருவதற்குள், ஏற்றம் கண்ட இடத்திலெல்லாம் அது படுத்துவிடும். கண்டக்டர் தீர்த்தகிரி இறங்கி, அடுப்புக்குக் காற்று போக விசிறிச் சக்கரத்தைச் சுற்றுவான். சுற்றிக்கொண்டே பேசுவான்.

பேச்செல்லாம் பெரிய மனிதர்களைப் பற்றித்தான். சினிமாவில் பத்துப் பேரைப் பந்தாடுகிற வில்லன் நடிகர், கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறிக்கொள்வாராம். ஒரு ஜமீன்தார் தன் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடி ஊருக்கே ஜிலேபி போட்டாராம். இதைத் தெரிந்துகொண்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது? ஒரு மண்ணும் ஆகாது. ஆனாலும் ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். பாதி, பயணிகள் சொன்னது; மீதி அவனே அளந்தது. எது எந்தப் பாதி என்று டிரைவர் அர்த்தநாரிக்கு மட்டும் தெரியும்.

வீட்டிலும் இதே கச்சேரிதான். அங்கே ரசிகை அவன் மகள் பொன்னாத்தாள். ஒருமுறை கொதிக்கிற கஞ்சியைக் குடித்து நாக்கைப் பொசுக்கிக்கொண்டதிலிருந்து, எதையும் ஊதாமல் குடிக்கமாட்டாள். ஆறின மோரையும் ஊதுவாள், பானைத் தண்ணீரையும் ஊதுவாள். தெருப் பிள்ளைகள் கேலி செய்ய, ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள்.

"அட, இதுக்கா அழுவற அம்மணி? சினிமாக்காரி கனகதாரா இருக்கறாளே, அவளும் பச்சத்தண்ணிய ஊதித்தான் குடிப்பாளாமா."

"நெசமாவாப்பா?"

"பஸ்ஸுல வந்தவங்க சொன்னாங்க கண்ணு."

யாரும் சொல்லவில்லை. மறுநாள் பஸ்ஸிலும் அதையே சொன்னான். நாலு பேர் வாயில் புகுந்தால்தானே பிள்ளைகள் வாய் அடைபடும்! அடைபட்டது. பொன்னாத்தாள் மோர்ச் செம்பைத் தெருவுக்கே எடுத்துவந்து ஊதி ஊதிக் குடித்தாள்.

அந்த மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் வந்து அவள் போய்விட்டாள். தீர்த்தகிரியின் மனைவி நல்லம்மாள் மகளின் பாவாடையைக்கூட ஆற்றில் விட்டுவிட்டாள். "அவ பேர என்ற காதுல போடாதீங்க, தாங்க முடியல" என்றாள். பெற்ற வயிறு, அவளை என்ன சொல்வது? போட்டோ பிடித்து வைக்க அவர்களுக்கு வசதி ஏது? முகமும் நாளாக நாளாக மங்கிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு பிள்ளை இருந்தாள் என்பதே இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் அவனை அரித்தது. பஸ்ஸில் கதை பேசுவதை விட்டுவிட்டான். டிக்கெட், சில்லறை, விசில், அவ்வளவுதான்.

தை மாதத்தில் ஒருநாள் பஸ் வழக்கம்போல் ஏற்றத்தில் நின்றது. அடுப்பைப் பிடிக்கவைத்துவிட்டுத் தீர்த்தகிரி உள்ளே ஏறினான். எடப்பாடிக்காரி ஒருத்தி தன் மகளுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை ஊதிவிட்டுக் குடித்தது.

"சினிமாவுல வாராளே கனகதாரா, அவ இப்பிடித்தான் குடிப்பாளாமா," என்று அவள் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். "அதக் கேட்டதுலருந்து எங்கூர்ப் பொட்டப்புள்ளைக அத்தனையும் ஊதுதுங்க."

"சுத்தப் புளுகு!" என்றார் எதிரில் இருந்த ஜவுளிக்கடைக்காரர். "பச்சத்தண்ணிய எவளாச்சும் ஊதுவாளா? ஏனுங்க கண்டக்டரு, உங்களுக்குத் தெரியாததா? நீங்க சொல்லுங்க."

தீர்த்தகிரி செம்பும் கையுமாக இருந்த குழந்தையைப் பார்த்தான். புளுகுதான் என்று ஒப்புக்கொண்டால் இந்தக் குழந்தை ஊதுவதை விட்டுவிடும். அப்புறம் பொன்னாத்தாள் என்று உலகத்தில் என்ன மிச்சம்?

"நெசந்தானுங்க," என்றான். "ரண்டு தடவ ஊதும். அப்பறம் நாக்கு நுனியில தொட்டுப் பாக்கும். சுடலீன்னு தெரிஞ்சாத்தான் குடிக்கும். மேல் ஒதட்டுல மீசையாட்டம் மோரு ஒட்டியிருக்கும். அதத் தொடைக்கவே தொடைக்காது."

"பக்கத்துல இருந்து பாத்தாப்பல சொல்றீங்களே!"

"என்ற ஊட்டுல வெச்சுத்தானுங்க பாத்தேன்."

பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. இத்தனை வருஷம் அளந்ததிலேயே இதுதான் பெரிய அளப்பு என்று ஜவுளிக்கடைக்காரர் தொடையைத் தட்டினார். அர்த்தநாரி மட்டும் சிரிக்கவில்லை.

"இப்பவும் வருமாக்கும் உங்க ஊட்டுக்கு?" என்று எடப்பாடிக்காரி சிரிப்பினூடே கேட்டாள்.

"இல்லீங்க."

விசிலை எடுத்து வாயில் வைத்தான். ஊத மூச்சு வரவில்லை. அர்த்தநாரி திரும்பிப் பார்க்காமல், தானாகவே வண்டியை எடுத்தார்.