ஈசானிய மூலைக் கிணறு

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி மனை வரைக்கும் நடந்த அரை மணி நேரமும் என் வீட்டுக்காரர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சர்வேயரை வைத்து அளந்த பிறகுதான் கடைக்கால் தோண்ட வேண்டும் என்று ஒரு மாதமாக நான் பிடித்த பிடிவாதம் அவருக்கு அத்தனை அவமானமாகப் போய்விட்டது. குவார்ட்டர்ஸில் எதிர் வீட்டு பேபி, அளவு தப்பி அடுத்தவர் மனைக்குள் கட்டின சுவரைப் பாதியில் இடித்த கதையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் லட்சுமணன் யார்? ஆவடி ஃபாக்டரியில் முப்பத்திரண்டு வருஷமாக இன்ஸ்பெக்ஷன் செக்ஷன். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு போல்ட்டு வெளியே போகாது. வீட்டில் தோசை வட்டமாக இல்லையென்றாலும் ஒரு பார்வை பார்ப்பார்.

"ஏ வடிவு, நான் அளந்ததுல ஒரு நூல் தப்பு இருக்குமாட்டி?" என்று முந்தின நாள் கேட்டார்.

"இல்லன்னா நல்லதுதானே. அதையும் ஒருத்தர் வாயால கேட்டுக்கிடுவோம்" என்றேன்.

அளந்தது அவர்தான். மனை வாங்கின வருஷமே ஸ்டீல் டேப்பைக் கொண்டு வந்து, மேற்கு ஓரத்துக் கல்லிலிருந்து நாற்பதுக்கு அறுபது அளந்து, நாலு மூலையிலும் இரும்புக் கம்பி அடித்தார். போன சித்திரையில் ஈசானிய மூலையில், கிழக்குக் கம்பியிலிருந்து ஐந்தடி உள்ளே தள்ளி, உறை இறக்கிக் கிணறும் தோண்டினோம். பதினாலாவது உறையில் தண்ணீர் வந்தது. குடித்துப் பார்த்த எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சுற்றிலும் எங்கே தோண்டினாலும் உப்பு. எங்களுக்கு மட்டும் இளநீர் மாதிரி. பங்குனியில் அவருக்கு ரிட்டையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் வீடு எழும்பிவிடும் என்று நான் நம்பியதே அந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான்.

அந்தக் கிணற்றுக்கு அவர் இரும்பு மூடி போட்டுப் பூட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. கிழக்குப் பக்கத்து நிலம் நாகம்மாளுடையது. லேஅவுட் போட்டபோது எல்லாவற்றையும் விற்றுவிட்டு அந்தத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் கீரை போட்டுப் பட்டாபிராம் மார்க்கெட்டில் விற்கிறாள். அவள் கிணறு உப்பு. குடிக்க ஒரு குடம் எடுக்க வந்தவளிடம், "கட்டட வேலைக்குத் தண்ணி வேணும், சும்மா சும்மா வரக்கூடாது" என்று சொல்லி மறுவாரமே பூட்டைத் தொங்கவிட்டார். நாகம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

தாலுகா ஆபீசில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற வீரராகவன், சங்கிலியும் புலப்படமுமாக எங்களுக்கு முன்பே வந்திருந்தார். கூடவே சங்கிலி இழுக்க ஓர் ஆள். அன்றைக்கே மதிலுக்குக் கோடு போட்டுவிடலாம் என்று மேஸ்திரியும் சுண்ணாம்புத் தூள் மூட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் நேராகப் போய்த் தன் கல்லைக் காட்டினார். வீரராகவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது சர்வே கல் இல்லீங்களே. அம்புக்குறி கிடையாது" என்றார்.

கீரைப் பாத்தியிலிருந்து நாகம்மாளின் சிரிப்பு கேட்டது. "அய்ய, அது எங்கப்பன் எருமை கட்றதுக்கு நட்ட கல்லு! கழுத்துல பாரு, கவுறு தேஞ்ச தடம் கீது."

தடம் இருந்தது. ஏழு வருஷமாக நாங்கள் பார்த்த தடம்தான். வீரராகவன் வாய்க்கால் ஓரத்துச் சர்வே கல்லிலிருந்து சங்கிலி பிடித்துக்கொண்டு வந்து, மேற்கே முள்ளுப் புதரை வெட்டச் சொன்னார். உள்ளே கோவைக்கொடி சுற்றிக்கொண்டு, ஒரு முழ உயரத்தில், அம்புக்குறியோடு நின்றது உண்மையான கல். எருமைக் கல்லிலிருந்து சரியாகப் பதினோரு அடி. முள்ளுக்காடாகக் கிடந்த அந்தப் பதினோரு அடியும் எங்களுடையது. கிழக்கே பதினோரு அடி எங்களுடையது இல்லை. கிணறு நாகம்மாள் நிலத்துக்குள் ஆறடி தள்ளி இருந்தது.

"உங்க டேப்பு அளவுல தப்பே இல்ல சார். நாற்பதுன்னா நாற்பது. ஆரம்பிச்ச இடந்தான்…" என்று வீரராகவன் இழுத்தார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

என் வீட்டுக்காரர் எருமைக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் வரைக்கும், தப்பு வந்தால் நன்றாக நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது பாவமாக இருந்தது. சட்டைப் பையில் கிணற்றுச் சாவி துருத்திக்கொண்டு தெரிந்தது. நாகம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கீரை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தி வரப்பில் நடந்து போய்ச் சாவியை நீட்டினார். நானும் பின்னாலேயே போனேன்.

"கிணறு உங்களுது. பூட்டுனது தப்பு" என்றார். தப்பு என்ற சொல்லை அவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாகம்மாள் சாவியை வாங்கவில்லை. "நீ தோண்டசொல்லவே எனுக்கு ஒரு மாதிரிதான் இருந்திச்சி அண்ணாத்தே. ஆனா டேப்பு வெச்சி அளக்கிற ஆளு, சரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்."

அவர் தலை இன்னும் தாழ்ந்தது.

"பூட்ட நீயே எட்துகினு போ, உன் புது ஊட்டு வாசலுக்கு ஆவும்" என்றாள் அவள். "தண்ணி நானும் எட்துக்கிறேன், நீயும் எட்துக்கோ. என்னால பதினாலு உறை எறக்க முடியுமா இன்னா? ஒண்ணு பண்ணு. மதிலு வெக்கசொல்ல கெணத்தாண்ட ஒரு வழி வுட்டு வெய்யி. பாவம், வடிவு குடத்த எட்துகினு ஊரச் சுத்தியா வரும்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அக்கா" என்று அவள் கையைப் பிடித்தேன். கையெல்லாம் சேறு.

மேஸ்திரி புதிய கயிறு கட்டிச் சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டு வந்தார். கிணற்றுக்கு நேராக வந்ததும், "வழி எத்தினி அடி சார்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல இடுப்பிலிருந்து டேப்பை உருவினார். இரண்டடி இழுத்தார், நிறுத்தினார், பிறகு அதைச் சுருட்டிக் கீழே வைத்துவிட்டார்.

"ஏ வடிவு, குடத்துல தண்ணி மோந்துட்டு வாளா."

அவரிடம் சாவி வாங்கி மூடியைத் திறந்து, தண்ணீர் மோந்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வந்தேன். என் முழங்கைக்கு இந்தப் பக்கம் ஒரு கோடும் குடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கோடும் அவர் சுண்ணாம்பை விரலால் கிள்ளிப் போட்டார்.

"இன்னும் கொஞ்சம் வுடு அண்ணாத்தே" என்று பாத்தியிலிருந்து நாகம்மாள் கத்தினாள். "சொந்த ஊட்டுக்கு வந்தா வடிவு இன்னும் பெருக்கும்."

சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த வீரராகவன்கூடச் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒரு கோட்டைக் காலால் அழித்துவிட்டு, இன்னும் ஒரு சாண் தள்ளிப் புதிதாகப் போட்டார்.