இறுக்கப் பனியன்

காகிதம் சாப்பாட்டு மேசைமேல் குப்புறக் கிடந்தது. அதன் முதுகில் பிஸ்கட் தட்டொன்று காவலுக்கு உட்கார்ந்திருந்தது.

தட்டை வைத்தவர் பெரியவர். காகிதத்தின் மறுபக்கத்தில் மூன்று படங்கள் இருந்தன. தலையில்லாத, கையில்லாத, வெறும் கோட்டுப் படங்கள். மருத்துவமனையில் கொடுத்தவை. பார்த்த மாத்திரத்தில் அவர் அதைத் திருப்பிப் போட்ட வேகத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டுபோய் மாமியாரின் மடியில் விழுந்தது.

"அந்தப் பொண்ணுகிட்ட கேளுடா, இது என்ன கூத்துன்னு," என்றார் தம்பியிடம்.

அந்தப் பொண்ணு மூன்றடி தூரத்தில்தான் நின்றிருந்தாள். அந்த வீட்டின் இளைய மருமகள். வீட்டில் 'சின்னவள்', வேலையிடத்தில் 'மாஸ்டர்'. பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். பத்தொன்பது வருடங்களாகப் பெரியவர் தம்பி மனைவியிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை. அது மரியாதையாம். வீடு பற்றியெரிந்தாலும் 'அந்தப் பொண்ணை வெளிய வரச் சொல்லு' என்று தம்பிக்குச் சொல்லியனுப்பிவிட்டுத்தான் அவர் ஓடுவார்.

"என்ன இது?" என்றான் அவள் கணவன், அஞ்சல்காரன் போல.

"ஆபரேஷன். வர்ற பதினாறாம் தேதி. எல்லாம் அதுலயே எழுதியிருக்கு. தட்டை எடுத்தா படிக்கலாம்."

யாரும் தட்டை எடுக்கவில்லை.

அந்த வீட்டின் வழக்கம் அப்படி. வாசலைத் தாண்டும் எந்தக் காகிதத்திலும் பெரியவர் கையெழுத்து இருக்க வேண்டும். பிள்ளைகளின் மதிப்பெண் அட்டை, வங்கி விண்ணப்பம், பால்காரனுக்கு எழுதி வைக்கும் சீட்டு எதுவும் தப்பாது. ஒருமுறை பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டிய தபால் தவறி இங்கே வந்துவிட்டது. அதிலும் கையெழுத்துப் போட்டுத்தான் திருப்பியனுப்பினார். அந்தப் பழக்க தோஷத்தில்தான் சின்னவள் மருத்துவமனைக் காகிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வைத்த நொடியே, கையைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அது ஆண்டவன் குடுத்த உடம்புடா. அறுத்து எறியறதுக்கு இது என்ன வளந்துபோன வேலியா?" என்றார் பெரியவர்.

"பிள்ளைக்குப் பால் குடுத்த எடம்டி," என்றாள் மாமியார், ஈர மடியைப் பிழிந்துகொண்டே.

"பிள்ளை காலேஜுக்குப் போயிட்டா அத்தை."

கணவன் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டான். மென்றபடியே, தன் கருத்தையும் சபையில் பதிவு செய்தான்: "எனக்கு இருக்கறபடியே பிடிச்சிருக்கு."

வாய்க்குள் பிஸ்கட் கூழாகிக்கொண்டிருந்தது நன்றாகத் தெரிந்தது. தூள் இரண்டு காகிதத்தின்மேல் விழுந்தது. மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து தட்டில் கைவிட்டபடி, பெயர் சொல்லவே கூசுகிற ஒன்றைப் பங்கு பிரிக்கிறார்கள். சொல்லத்தான் கூச்சம். தீர்ப்பளிக்கக் கூச்சமில்லை.

"தோள் வலி அத்தை. தோள்ல ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கு. அடியில வேர்த்து வேர்த்துப் புண்ணு. விரல் மரத்துப் போகுது. போன மாசம் வெட்டு மெஷின் கைய விட்டு வழுக்குச்சு. அறுபது மடிப்புத் துணி கோணலாப் போச்சு. இன்னும் ஒரு அங்குலம் தள்ளியிருந்தா என் விரலும் அதோட போயிருக்கும்."

"வேலைய விட்டுட்டா வலி போயிடும்னு சொல்லு," என்றார் பெரியவர் தம்பியிடம்.

"அத்தான், நான் சொல்றது..."

அவர் வலது கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தார். அவ்வளவுதான். கூட்டம் முடிந்தது.

அந்தக் கைக்கு அப்படியொரு அதிகாரம். ஆறு வருடங்களுக்கு முன் பெரியவருக்கு வெளியூரில் 'நெஞ்சு ஆபரேஷன்' நடந்தது. இரண்டு வாரம் கழித்து, தோளில் சால்வையோடு, போர்க்களத்திலிருந்து திரும்பிய தளபதி போல வந்து இறங்கினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தியதில்லை. மெத்தை வைத்த நாற்காலி அவருக்கு. முதல் தட்டு அவருக்கு. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர்கள்கூட அவர் முன்னால் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்கள். பேச்சில் தோற்கிற மாதிரி இருந்தால் கை நெஞ்சுக்குப் போகும். மாமியார் தண்ணீர்ச் செம்போடு ஓடுவாள். தம்பி விசிறியைத் தேடுவான். எதிராளி கொலைகாரப் பட்டத்தோடு சமையலறைக்குப் போவாள். எதிராளி எப்போதும் பெண்தான்.

சின்னவள் தட்டுக்கடியிலிருந்து காகிதத்தை உருவிக்கொண்டாள். தூளைத் தட்டினாள். தன் மேலேயே யாரோ துப்பியதைத் துடைப்பது போலிருந்தது.

மருத்துவமனையில் டாக்டரம்மா இப்படியெல்லாம் பேசவில்லை. அவளை நேராக உட்காரவைத்து, பேனாவால் உடம்பிலேயே கோடு போட்டுக் காட்டினார். "படுக்க வச்சுப் போட்டா கணக்கு மாறிடும்மா."

"தெரியும் டாக்டர். சட்டையும் ஆள் மேல போட்டுப் பாத்துத்தான் சாக்பீஸ் கோடு போடணும். மேசையில விரிச்சுப் போட்டா தோள் இறங்கிடும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு ஒரு மாஸ்டர் இன்னொரு மாஸ்டரிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். வழி மூன்று இருந்தது. வெறும் கொழுப்புதான், தோலும் தளரவில்லை என்றால் சின்னத் துளை போட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம். அதற்கு மேல் குறைக்க வேண்டுமென்றால் காம்பின் கருவட்டத்தைச் சுற்றி ஒரு வெட்டு, அங்கிருந்து நேராகக் கீழே ஒரு வெட்டு. நிறையக் குறைக்க வேண்டுமென்றால் இவற்றோடு அடிமடிப்பிலும் ஒன்று. பார்க்க நங்கூரம் மாதிரி இருக்கும்.

"உங்களுக்கு மூணாவதுதான். தழும்பு மங்கும், முழுசாப் போகாது. காம்புல உணர்ச்சி குறையலாம், சில பேருக்குத் திரும்பாமலே போகலாம். இனிமே பிள்ளை பெத்தா பால் குடுக்கறது சந்தேகம். இதெல்லாம் தெரிஞ்சுதான் சரின்னு சொல்லணும்."

"கையெழுத்து யாரு போடணும் டாக்டர்?"

"உடம்பு யாரோடது?"

இந்தக் கேள்வியை முப்பத்தொன்பது வயதில்தான் ஒருவர் அவளிடம் கேட்கிறார். பதின்மூன்று வயதிலிருந்து அவளுடைய மார்பு ஊருக்குச் சொந்தமாகத்தான் இருந்தது. பேருந்தில் முழங்கைகளுக்குச் சொந்தம். தெருமுனையில் சீட்டியடிப்பவர்களுக்குச் சொந்தம். பட்டறைக்குப் பொத்தான் கொண்டுவருகிறவன் பதினொரு வருடங்களாக அவளோடு பேசுகிறான். இன்றுவரை அவள் முகத்தைப் பார்த்ததில்லை. முகத்தை மட்டும் காட்டி யாரென்று கேட்டால் முழிப்பான். அவன் போன பிறகு அவள் போய் முகம் கழுவுவாள். பார்த்த இடம் அதுவல்ல, ஆனாலும் கழுவுவாள்.

மறுநாள் பட்டறையில், சாப்பாட்டு நேரத்தில், வெட்டு மேசைமேல் காகிதத்தை நிமிர்த்திப் போட்டுப் படித்தாள். மார்பக எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை முடித்தாயிற்று. தோள் வலிக்கு விழுங்குகிற மாத்திரையை டாக்டரிடம் காட்டியதும் நிறுத்தச் சொல்லிவிட்டார், இரத்தம் உறையாதாம். புகை ஆகாது, பக்கத்தில் யாரும் ஊதவும் கூடாது, காயம் ஆறாது. அன்று காலை வெறும் வயிறு. முன்பக்கம் திறக்கிற சட்டை. முன்பக்கம் ஜிப் வைத்த இறுக்கப் பனியன் இரண்டு. பல வாரம் பளு தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் உயர்த்தக் கூடாது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள்.

கடைசி வரியில் விரல் நின்றது. தேதியை விட்டால் அடுத்தது எட்டு மாதம் கழித்துத்தான். எட்டு மாதம் அந்த மெஷினில் இந்த விரல்கள் தாங்காது. ஆனால் ஆள்? மகள் தூரத்தில் விடுதியில். புருஷன் தன் செருப்பையே அடுத்தவர் எடுத்துத் தர வேண்டுமென்கிற ஜாதி.

"சின்னவளே."

நிமிர்ந்து பார்த்தாள். ஓரகத்தி. பெரியவரின் மனைவி. இந்தப் பட்டறைப் பக்கம் ஒரு நாளும் வராதவள் கையில் துணிப்பையோடு நின்றாள். நேற்று கூட்டம் முழுக்கச் சுவரோடு சுவராக நின்று வாயே திறக்காதவள்.

"ராத்திரி நீ தூங்கினப்புறம் அந்தக் காகிதத்தப் படிச்சேன். பனியன் வேணும்னு எழுதியிருந்துச்சே. மாதிரி இருக்கு. பாத்துத் தைச்சுக்கோ," என்று பையிலிருந்ததை மேசையில் எடுத்துப் போட்டாள்.

சின்னவள் விரித்தாள். துணியைத் தொட்டால் அதன் ஜாதகமே சொல்லிவிடுவாள் அவள். கெட்டியான இழுவைத் துணி. முன்பக்கம் ஜிப். பக்கவாட்டில் இரட்டைப் பட்டி. ஆண் அளவு. நெஞ்சுக்கூட்டை நடுவே பிளந்து தைத்த நோயாளிக்கான வெட்டு அல்ல இது. நடுவில் துணி புதிதாக இருந்தது. தேய்ந்திருந்தது இரண்டு பக்கமும், வட்டமாக.

"அக்கா... இது யாரோடது?"

"உங்க அத்தானோடது."

"அவருக்கு நெஞ்சுல..."

"நெஞ்சுல ஒரு மண்ணும் இல்லடி. குதிரை மாதிரி அடிக்குது இதயம்." ஓரகத்தி வெட்டுத் துண்டுகள் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். "மாரு பொம்பள மாதிரி இருந்துச்சு. ஆபீசுல பேரே வச்சுட்டானுங்க. சட்டைக்குள்ள சட்டை போட்டு நடந்தாரு. ஒருநாள் குளியலறையில தண்ணிய தொறந்து விட்டுட்டு அழுதாரு. பாவமாத்தான் இருந்துச்சு."

"வலிச்சுதா அவருக்கு?"

"வலியா? வெக்கம். வெறும் வெக்கம்."

"கையெழுத்து?"

"அவரே போட்டுக்கிட்டாரு. எங்கிட்ட சொன்னதே முந்தின நாளு. வாயத் தொறந்தா உன் பிள்ளைங்க மேல சத்தியம்னு என் கைய அடிச்சு வாங்கினாரு. ஆறு வருஷமா இல்லாத நோவுக்கு உப்பில்லாம தனியாச் சமைச்சுக் கொட்டறேன். ராஜா மாதிரி உக்காந்து தின்னுட்டு நேத்து கேக்கறாரே, ஆண்டவன் குடுத்தத அறுக்கலாமான்னு..." ஓரகத்தி முகம் சுளித்தாள், அழுகிய முட்டையை உடைத்துவிட்டது போல. "எனக்குச் சோத்துலயே கை வைக்க முடியல சின்னவளே. இந்த ஆளோடவா இத்தன வருஷம்னு."

சின்னவள் பனியனை மடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு ஓரகத்தி எழுந்து, காகிதத்தின் கடைசி வரியை விரலால் தட்டினாள். "இந்த ஆளு நான். தேதிய விட்டுடாத."

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். இந்தமுறை கூட்டியது சின்னவள். மேசையில் பிஸ்கட் கிடையாது. காகிதம் நிமிர்ந்து கிடந்தது. பெரியவர் கூரையைப் பார்த்தார். கணவன் தரையைப் பார்த்தான். மாமியார் முன்னெச்சரிக்கையாகச் செம்பை எடுத்து மடிக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள்.

சின்னவள் புதிதாகத் தைத்த பனியனைப் படங்களின் பக்கத்தில் வைத்தாள். வெட்டு, ஜிப், இரட்டைப் பட்டி எல்லாம் அச்சு அசல்.

"அத்தான்," என்றாள். "இறுக்கம் சரியா இருக்குமான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. இதுல அனுபவப்பட்டவங்க வீட்டுல நீங்க ஒருத்தர்தான்."

பெரியவரின் கண் கூரையிலிருந்து இறங்கியது. பனியனில் ஒட்டிக்கொண்டது. கை தன்னால் நெஞ்சுக்குப் போனது. போன கை, போன இடத்தை உணர்ந்ததும், சுடு பாத்திரத்தைத் தொட்டது போலக் கீழே விழுந்தது.

"நெஞ்சு ஆபரேஷனுக்கு இப்படித்தாண்டா பனியன் குடுப்பாங்களா?" என்றாள் மாமியார், ஆர்வமாக.

"ஆமாம் அத்தை, ரெண்டும் ஒரே ஆபரேஷன் மாதிரிதான்," என்றாள் ஓரகத்தி சுவரோரத்திலிருந்து. இத்தனை வருடத்தில் அந்தக் கூட்டத்தில் அவள் பேசிய முதல் வாக்கியம்.

பெரியவர் இருமினார். பேனாவைத் தேடினார். "சரி... வலின்னா பாத்துக்க வேண்டியதுதான். எந்த இடத்துலம்மா கையெழுத்துப் போடணும்?"

நேராக அவளிடம் கேட்டார். பத்தொன்பது வருடத்தில் முதல்முறை. கணவன் வாயைப் பிளந்தான்.

"வேணாம் அத்தான். நான் போட்டுட்டேன்," என்று காகிதத்தை மடித்தாள் சின்னவள். "உங்க பேருக்கு இதுல கோடே போடல அவங்க."

பேனா அந்தரத்திலேயே நின்றது.

பதினாறாம் தேதி அறுவை முடிந்தது. பதின்மூன்றாம் நாள் உறவுக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். வீடு அவர்களுக்குச் சொல்லியிருந்த சேதி, 'சின்னவளுக்கும் நெஞ்சு ஆபரேஷன்'. பழக்கூடைகள் வந்தன. கூடைகள் நேரே மெத்தை நாற்காலிக்குப் போயின.

"குடும்பத்துல ரெண்டாவது நெஞ்சு! உங்களுக்கு எப்படித்தான் தாங்குச்சோ?" என்று உருகினாள் ஒரு சித்தி. பெரியவர் தாங்கிய முகத்தோடு தலையசைத்தார். ஆரஞ்சுச் சுளை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

சின்னவள் எதிரே தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தையல்கள் இழுத்தன, கை தோளுக்கு மேல் எழவில்லை. ஆனால் கழுத்து நிமிர்ந்திருந்தது. அது இத்தனை நீளம் என்று அவளுக்கே இப்போதுதான் தெரியும். பெரியவரின் தாடையில் வழிந்த சாற்றைப் பார்த்தாள்.

"எனக்கு நெஞ்சு இல்ல சித்தி," என்றாள். "மார்பு. பெருசா இருந்துச்சு, வலிச்சுது, சின்னதாக்கிக்கிட்டேன்."

வாய்க்குப் போன சுளைகள் அங்கங்கே நின்றன. யாரோ குழந்தையின் காதைப் பொத்தினார்கள்.

பெரியவரின் கை நெஞ்சுக்குப் போனது. போதும், பழைய மந்திரம் வேலை செய்தது. சித்தி ஓடினாள், தம்பி விசிறியோடு ஓடினான், வேன் ஓட்டி வந்தவன்கூட ஓடினான். "கேக்கக் கூடாதத கேக்க வச்சுட்டாளே, பாவம், நோயாளி மனுஷன்!" என்று சுற்றி நின்று வீசினார்கள். "தண்ணி! யாராச்சும் தண்ணி கொண்டாங்க!"

ஓரகத்தி சமையலறையிலிருந்து நிறைந்த குவளையோடு வந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

அவள் அவரைத் தாண்டி நடந்தாள். தலையணைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாத்திரை நேரம் ஆச்சு மாஸ்டர்," என்றாள். "கைய தூக்காத. நான் பிடிச்சுக்கறேன், குடி."