எடுத்த இடம்

சுவரில் ஒட்டியிருந்த ஓவியங்களை மெக்கானிக் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். எத்தனை முறை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகாது. அதனால் காகிதத்தை ஓரத்தில் மட்டும் பிடித்தார். அவற்றை வரைந்த தங்கை கீழே வாசலில், வேனுக்குள், வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தாள். விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

நாற்பது தாண்டியும் அவருக்கு அவள் ‘வாலு’தான். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட இனி ஆள் இல்லை.

ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் சில மாதம் அறையும் சாப்பாடும் கொடுத்து, உங்கள் வேலையைப் பாருங்கள் என்று விட்டுவிடும் கலை இல்லம், அவள் தங்கியிருந்த இந்த இடம். இந்த வருடம் மண், செடி, முன்னோர் இவைதான் அங்கே பேச்சு. இடம் கிடைத்த அன்றே வாலு போன் செய்தாள். அப்பாவின் நிலத்திலிருந்து ஒரு மூட்டை மண் வேண்டும், தண்ணீர் ஊற்றி அதில் தானாக முளைப்பதை வரையப் போகிறேன் என்றாள்.

அங்கேதான் சிக்கல். நிலம் கைமாறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. படுத்துப்போன பட்டறையைத் தூக்கி நிறுத்த அவர்தான் விற்றார். பத்திரம் அவர் பேரில் இருந்ததால் தங்கையின் கையெழுத்து தேவைப்படவில்லை. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. வாங்கியவர் சுற்றுச்சுவர் எழுப்பி, உள்ளே ஓர் அங்குலம் விடாமல் சிமென்ட் போட்டுவிட்டார். மண்ணில் பேரா எழுதியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பட்டறைக்குப் பின்னால் வேலியோரம் வெட்டி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிட்டார்.

அதுவும் முளைத்தது. புல், நெருஞ்சி, பேர் தெரியாத ஒரு மஞ்சள் பூ. ஒவ்வொன்று தலைகாட்டும்போதும் வாலு போன் செய்வாள். “நம்ம நிலத்துச் செடி வந்திருக்குண்ணே, ஒரு நடை வந்து பாத்துட்டுப் போயேன்” என்பாள். வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று அவரும் சளைக்காமல் சொல்வார். போனால், வா நிலத்தைப் பார்க்கலாம் என்று கிளம்பிவிடுவாளோ என்ற பயம். போயிருக்கலாம். ஒரே பஸ். போயிருக்கலாம் என்று காலையிலிருந்து நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

பக்கத்து அறையில் தங்கியிருந்த சிற்பக்காரப் பெண் மூட்டையோடு வந்தாள். வாலு செடி வளர்த்த தொட்டி மண்ணை அதில் வாரிப் போட்டு, செடிகளை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

“வேலை முடிஞ்சதும் இந்த மண்ண எடுத்த எடத்துலயே திரும்பப் போட்டுடணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க அண்ணா. நீங்கதான் செய்யணும்.”

தலையை ஆட்டிவைத்தார். உண்மையை இவளிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? சொல்ல வேண்டியவள் வேனில் கிடந்தாள். வழியில் எங்காவது கொட்டிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கடைசி ஓவியம் மற்றவற்றைவிடப் பெரியது. படம் முழுக்க வேர்கள். அவை சுற்றிப் பிடித்திருந்த இடத்தில் ஆறு முனையோடு என்னவோ இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நட்டு.

ஜன்னல் விளிம்பில், சின்னக் கிண்ணத்தில், அந்த நட்டே இருந்தது. துரு நீக்கி எண்ணெய் தடவியிருந்தாள். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் என்று விரல் தானாகச் சொல்லியது.

“இது ஏதும்மா?”

“அந்த மண்ணுலதான் இருந்துச்சு. மூட்டை வந்த மொத வாரமே கெடச்சுது. என்னன்னு கேட்டேன். ‘எங்கண்ணன் போட்ட விதை, முளைக்க நாளாகும்’னு சிரிச்சாங்க.”

முதல் வாரமே. அது பட்டறை மண் என்று தெரிந்த பிறகுதான் அத்தனை போனும். நம்ம நிலத்துச் செடி, நம்ம நிலத்துச் செடி என்று, அவர் உண்மையைச் சொல்ல அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மெக்கானிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

“எந்த எடம்னு சொன்னாளா?”

“இல்லண்ணா. ‘எங்கண்ணனுக்குத் தெரியும்’னாங்க.”

கீழே வேன்காரர் மெல்ல ஒருமுறை ஹாரன் அடித்தார்.

மறுநாள் அடக்கம் முடிந்தது. உறவுக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்க, அவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் போனார். அன்றைக்கு வெட்டிய பள்ளம் மூடாமலே கிடந்தது. பழைய டயர் ஒன்றும் காகிதக் கப்புகளும் அதில் சேர்ந்திருந்தன. எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டார். சட்டைப் பையிலிருந்த நட்டை அடியில் வைத்தார். மேலே மண்ணைக் கொட்டி, செடிகளை வேர் நோகாமல் ஊன்றித் தண்ணீர் ஊற்றினார்.

முன்பக்கம் யாரோ வண்டியை நிறுத்திக் கூப்பிட்டார்கள். மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. மஞ்சள் பூவில் தெறித்திருந்த சேற்றைக் கறுத்த நகத்தால் மெல்ல எடுத்துக்கொண்டிருந்தார்.