முதலையிடம் கேட்டது

முதலையின் வயிற்றுக்குள் போவதற்குச் சுபியான் சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது. உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, பச்சையும் கறுப்புமாகப் பெயின்ற் அடித்து, மீன் பெட்டியின் வெள்ளை றெஜிபோம் அட்டையில் தாடை செய்திருந்தார்கள். உள்ளே வேறொருவனின் வியர்வை நாறியது. முதலையாக நடிக்க வேண்டிய கம்பஸ் மாணவன் துசாந் காலையிலிருந்து வயிறு குழம்பிச் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தான். நாடகத்தை நடத்தும் விரிவுரையாளர் உசாந்தினி, தறப்பாள் மறைப்புக்குப் பின்னால் கதிரைகளைப் பிரித்துக்கொண்டிருந்த சுபியானிடம் வந்தாள். "ஒரு அரை மணித்தியாலம் இதுக்குள்ள கிடப்பீங்களா அண்ணன்? ஊர்ந்து வந்து, வாயத் திறந்து மூடினாக் காணும்." அவன் உடனே ஓம் என்றான். வெளியே இருந்தால் மிஹ்லாருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

மிஹ்லார் அவன் மனைவி நஸ்லியாவின் தம்பி. ஏழு மாதத்துக்கு முன்னர் தோணாவில் வீச்சுவலை எறிந்துகொண்டு நின்றபோது முதலை அவனது இடது காலைப் பிடித்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஊரை ஊடறுத்துக் கடலுக்குப் போகும் நீர்தான் தோணா. போகும் என்று சொல்வது பழக்கத்தில். அது எங்கேயும் போவதில்லை. பிள்ளைகளின் பம்பர்ஸ், தேங்காய் மட்டை, செத்த பூனை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும்.

முதலையும் மனிதரும் ஒரே ஊரில் எப்படி வாழலாம் என்பதுதான் உசாந்தினியின் ஆராய்ச்சி. அவளுக்காக உள்ளூர்ப் பிள்ளை றுஸ்னா நான்கு மாதம் வீடு வீடாக ஏறி, ஒலிப்பதிவுக் கருவியை நீட்டி, முதலை எப்படி வந்தது என்று கேட்டாள். ஊர் சொன்ன வார்த்தைகளை வைத்தே நாடகம். சுபியானும் சொல்லியிருந்தான். "வெள்ளத்தோட வந்த, தங்கச்சி. வேறென்ன?" அப்போது நஸ்லியா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பையை வாங்கிக் குடித்தான்.

வெள்ளத்தோடு வரவில்லை. போன ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யாவாக அறுத்துக் கொடுத்த மாடுகளின் குடலையும் சாணியையும் கடற்கரையில் கிடங்கு வெட்டிப் புதைக்க வேண்டும் என்று பள்ளிவாசலில் முடிவெடுத்தார்கள். ஏற்றிப்போகும் வேலை லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வைத்திருந்த சுபியானுக்கு வந்தது. முதல் நாள் சில்லு மணலில் புதைந்தது. கிடங்குக்கு இன்னும் தூரம் இருந்தது. வெயில், பசி, சாக்கில் மொய்க்கும் இலையான். திருப்பிக்கொண்டு போய்ப் பதினொரு சாக்கையும் தோணாப் பாலத்தடியில் அவிழ்த்துக் கொட்டினான். இரண்டாம் நாளும் அங்கேதான். மூன்றாம் நாள் கடற்கரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று பகல் மிஹ்லாரின் வீட்டில் சம்மணம் கட்டி உட்கார்ந்து அதே மாட்டின் ஈரலைத் தின்றான். பத்து நாள் கழித்துப் பாலத்தடியில் இரண்டு கண்கள் தெரிந்தன. பிறகு ஊரே முதலை பார்க்கப் போனது. கோழிக் கடைக்காரர்கள் கழிவை எறிந்தார்கள், பிள்ளைகள் மீன் தலை எறிந்தார்கள். எல்லாரும்தானே போட்டார்கள் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொள்வான். முதல் சாக்கின் கயிற்றை அவிழ்த்தது எந்தக் கை என்பதும் தெரியும்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து மணல் வெளியில் சனம் நிறைந்திருந்தது. சாறன் கட்டிய ஒரு நடிகன் முன்னால் வந்து, "வெள்ளத்தோட வந்த, தங்கச்சி. வேறென்ன?" என்றான். ஆட்கள் சிரித்தார்கள். தன் பொய் இன்னொருவன் வாயில் இவ்வளவு மடத்தனமாகக் கேட்கும் என்று சுபியான் நினைத்திருக்கவில்லை. பறை ஒலித்தது. அவன் நாலு காலில் ஊர்ந்து வெளியே வந்தான்.

முதல் செருப்பு முதுகில் விழுந்தது. இரண்டாவது தலையில். பிறகு எண்ணிக்கை இல்லை.

"அடிடா அந்த ஹறாங்குட்டிய!"

"கண்ணப் பாத்து எறிங்கடா!"

"பொறுங்க, பொறுங்க!" உசாந்தினி இடையில் ஓடி வந்தாள். "அடிக்க ஏலா. ஆரும் வந்து கதைய மாத்தலாம். முதலையோட கதைக்கலாம். கேட்டா அது பதில் சொல்லணும். அதுதான் இந்த நாடகத்திட விதி."

"முதலையோட கதைக்கவாம்!" என்றார் ஒரு கிழவர். "மிஸ், ஒங்களுக்குக் கால் ரெண்டும் இரிக்கி. நீங்க கதைங்க."

"கதைச்சி, மறுகா அதுக்குக் கலியாணமும் பேசுங்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

பதில் சொல்ல வேண்டும் என்பதைச் சுபியானுக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. முகத்தைச் சாக்கு மறைக்கும். குரலை என்ன செய்வது? இந்த ஊரில் இருமினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

"நான் வாறன்," என்றான் மிஹ்லார்.

சிரிப்பு அறுந்தது. ஊன்றுகோல் மணலில் குத்தி எழும் சத்தம் நெருங்கி வந்தது. தாடை இடுக்கு வழியாக ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. றுஸ்னா கருவியைப் பிடித்துக்கொண்டு முதலையின் வாயருகே குந்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நீ வெள்ளத்தோட வந்தியா?"

"ஓம், வெள்ளத்தோட வந்த!" என்று சனம் கத்தியது.

"நீங்க வாயப் பொத்துங்க. நான் முதலயத்தான் கேக்கன்." மிஹ்லார் குரலை உயர்த்தவில்லை. "நீ வந்த நேரம் கோடை. தோணாவில கரண்டக் கால் அளவுதான் தண்ணி. வெள்ளம் எங்கால? பெருநாள் முடிஞ்ச கையோட வந்த நீ. ஆரும் ஒனக்குத் திங்கத் தராம இந்த நாத்தத்துக்குள்ள வந்து கிடப்பியா? சொல்லு. முதல்ல தந்த ஆரு?"

'பசி' என்று கரகரத்த குரலில் ஒரு சொல் சொல்லிவிட்டு ஊர்ந்து போய்விடலாம். சுபியானின் கை தானாகத் தாடையை இழுத்து மூடப் போனது.

மூட முடியவில்லை. மிஹ்லார் ஊன்றுகோலைக் கக்கத்திலிருந்து எடுத்து, தாடைகளுக்கு நடுவே நிறுத்திவிட்டான். வெயில் அப்படியே உள்ளே விழுந்தது. ஊன்றுகோலின் றப்பர் நுனி சுபியானின் மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. வெளியே மிஹ்லார் பிடிக்க எதுவும் இல்லாமல், இருந்த ஒரு காலில், குனிந்து சுபியானின் முகத்தையே பார்த்தபடி ஆடிக்கொண்டிருந்தான். மடித்துக் கட்டிய சாறன் காற்றில் அடித்தது. அவனைத் தாங்கிப் பிடிக்க யாரும் எழும்பவில்லை.