மவுஸ் இருந்த பக்கம்

சதீஷின் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். அவன் சித்தப்பா மகன் கோடித் துணிக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்து மணிக்கட்டைப் பார்த்தான். வெறும் கை.

"வாட்ச யாரோ எடுத்துட்டாங்க போல."

"வலது கையில இருக்கு" என்றாள் வானதி.

அவன் மறுபக்கம் போய் எடுத்தான். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் கை நீட்டுவதற்குள் அம்சம் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மாமனார் சிங்காரவேலுவின் தங்கை. சாவு வீட்டில் என்னென்ன காணாமல் போகும் என்று அறிந்தவள்.

முந்தைய நாள் காலை சதீஷ் மாடியில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நடவு முடிந்து தண்ணீர் கட்டியிருந்த வயல். மடையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். வரப்பில் உட்கார்ந்த வாக்கில் சாய்ந்திருந்தான் என்றார்கள் முதலில் பார்த்தவர்கள். மாரடைப்பு. வானதி அப்போது தஞ்சாவூர் ஆபீஸில் இருந்தாள். லேப்டாப்பை மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

உச்சிவேளையில் எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். ஆண்கள் கோரையாற்றங்கரைக்குப் போனார்கள். வீட்டைக் கழுவிவிட்டு, அவன் கிடந்த இடத்தில் விளக்கேற்றிப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்தார்கள். பாயும் தலையணையும் முன்பே போயிருந்தன. மாமியார் வள்ளியம்மை அவன் சட்டைகளை ஒரு பழைய சேலையில் மூட்டையாகக் கட்டினாள். ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

மதியத்துக்கு மேல் பிரபு கூப்பிட்டான். சென்னையில் அவளுடைய டீமில் இருப்பவன்.

"அக்கா, சாப்டீங்களா?" என்றான். பிறகு, "சாரிக்கா. என்ன கேக்கறதுன்னே தெரியல."

"சொல்லு பிரபு."

"சதீஷ் அண்ணன் செஷன் இன்னும் ஓப்பன்ல இருக்கு."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இன்னிக்கு மைக்ரேஷன். உங்களுக்குத் தெரியும்."

தெரியும். தேதி குறித்தவளே அவள்தான்.

அவர்கள் கம்பெனியில் வானதியின் டீமுக்குத்தான் லேப்டாப். மற்ற ஊழியர்களின் மேசையில் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு சின்னப் பெட்டியும் திரையும் மட்டும். கம்ப்யூட்டர் சென்னையில் ஒரு சர்வருக்குள் காலையில் புதிதாக உருவாகும். வேலை முடித்து வெளியேறியதும் அழிந்துவிடும். மறுநாள் வேறொன்று. ஆளைச் சேர்ந்தது என்று மிஞ்சுவது கொஞ்சம்தான். திரையின் படம், எந்த ஐகான் எங்கே, எழுத்தின் அளவு, எழுத்துப்பிழையாகக் கருதித் திருத்த வேண்டாம் என்று சொல்லி வைத்த பெயர்கள். இதெல்லாம் அவரவர் பெயரில் தனியாக ஒரு டிஸ்கில் இருக்கும். எந்தக் கம்ப்யூட்டர் கிடைத்தாலும் அதன்மேல் அது விரிந்துகொள்ளும். எது அந்த டிஸ்கோடு போக வேண்டும், எது அன்றன்றைக்குத் துடைக்கப்பட வேண்டும் என்று முடிவு செய்வது வானதியின் டீம். இன்று மாலை எல்லோருடைய டிஸ்கும் புதிய இடத்துக்கு மாறுகிறது. ஆள் உள்ளே இருக்கும்வரை டிஸ்க் பூட்டியிருக்கும். நகராது.

"நான் இங்கேருந்தே மூடிடலாம்க்கா. உங்களக் கேக்காம மனசு வரல."

"எதுவரைக்கும் டைம் இருக்கு?"

"அஞ்சு மணி. அதுக்கப்புறம் சர்வரே ரீஸ்டார்ட் ஆயிடும். என் கையில இல்ல."

"நீ தொடாத" என்றாள். "நானே பண்றேன்."

கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் மாடிப்படி. வானதி எழுந்ததும் பேச்சு நின்றது.

"எங்கம்மா போற?" என்றாள் அம்சம்.

"மாடிக்கு. ஆபீஸ்ல கூப்புட்டாங்க."

"இன்னிக்குமா ஆபீசு? புருசன எடுத்த ஈரம் இன்னும் காயல."

"கொஞ்ச நேரம்தாங்க."

படியேறும்போது பின்னால் அம்சத்தின் குரல் கேட்டது. "இடங்கையால தாலி முடிச்சு போட்டப்பவே எனக்கு மனசு ஒப்பல. யாரு கேட்டா? ஐயரு வாய் வலிக்க வலிக்கச் சொன்னாரு."

வள்ளியம்மை மூட்டையின் முடிச்சை மறுபடி இறுக்கினாள். சின்ன வயதில் சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் மகனின் இடது கையைத் துண்டால் அரைஞாணோடு சேர்த்துக் கட்டியவள் அவள். சோறு மட்டும் வலது கைக்கு மாறியது. மற்றது எதுவும் மாறவில்லை. தண்ணீர்த் தம்ளரை அவன் இடப்பக்கம் தள்ளுவான். அவள் வலப்பக்கம் நகர்த்துவாள். கல்யாணத்துக்குப் பிறகும் இது நடந்துகொண்டுதான் இருந்தது.

மாடி அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து யாரும் நிறுத்தவில்லை. மேசைமேல் திரை, பெட்டி, கீபோர்டு. கீபோர்டுக்கு இடப்பக்கம் மவுஸ். அதன் வயர் அடிக்கடி சரிந்து மவுஸை இழுக்கிறது என்று சாக்குத் தைக்கிற சணலால் மேசையின் இடது காலோடு கட்டியிருந்தான்.

அவனுக்கும் வானதிக்கும் பழக்கம் ஆரம்பித்ததே மவுஸில்தான். இடது கைக்கு ஏற்றபடி பட்டன்களை மாற்றி வைத்துக்கொள்வான். மறுநாள் காலை அது பழையபடி இருக்கும். மவுஸ் பெட்டியைச் சேர்ந்தது, ஆளைச் சேர்ந்ததல்ல என்று அவள் டீம் முடிவு செய்து, துடைக்க வேண்டியவற்றில் அதைச் சேர்த்திருந்தது. அவன் புகார் அனுப்பினான். 'தினமும் காலையில் நான் வலதுகைக்காரன் ஆகிவிடுகிறேன். சரிசெய்து தரவும்.' அவள் அதை முடிந்ததாகக் குறித்து மூடினாள். மறுபடி அனுப்பினான். மறுபடி மூடினாள். பிறகு போனில் வந்தான்.

"மேடம், எங்கம்மா கட்டிப்போட்டே மாத்த முடியாதத ஒங்க சர்வர் மாத்தப் பாக்குது. அதுக்கு எவ்ளோ தைரியம் பாருங்க."

அவள் சிரித்துவிட்டாள். அன்று மாலை ஒரு விலக்கு எழுதினாள். மவுஸ் பட்டனைத் துடைக்காதே. இந்த ஒரு பெயருக்கு மட்டும். காரணம் எழுத வேண்டிய இடத்தை வெறுமனே விட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். திரை விழித்தது. பெயர் கேட்கும் கட்டத்தில் அவன் பெயர் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. ஒவ்வோர் எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்தாள். தன் பெயரைத் தட்டினாள். சாம்பல் நிறப் பின்புலமும் ஓரத்தில் ஒரே வரிசையாக ஐகான்களும் வந்தன. அவன் பெட்டியில் அவள் இருந்தாள்.

மவுஸை வலப்பக்கம் கொண்டு வந்தாள். கீபோர்டைத் தாண்டவில்லை. சணல் பிடித்து நிறுத்தியது. முடிச்சைப் பார்த்தாள். கத்தரிக்கோல் அலமாரியிலேயே இருந்தது. மவுஸைத் திரும்ப இடப்பக்கம் வைத்தாள். இடது கையை அதன்மேல் வைத்தாள்.

அம்பு போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. தாண்டிப் போயிற்று. திரும்ப இழுத்தாள். உள்ளே இருப்பவர்களின் பட்டியலைத் திறக்கச் சற்று நேரம் பிடித்தது. பெயர்கள் நீண்டு போயின. அவன் பெயருக்கு நேரே 'இணைப்பு இல்லை' என்றிருந்தது. அவன் இருந்த கணக்குப் பிரிவின் அறிக்கைகள் விடிய விடிய ஓடும் என்பதால் அந்தப் பிரிவினரை மட்டும் சர்வர் தானாக வெளியேற்றாது. அதனால்தான் இன்னும் இருந்தான்.

போன் அடித்தது. பிரபு. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? அண்ணன் பேர ஹெச்ஆர்ல எடுத்துட்டாங்க. அதனால அவர் டிஸ்க் காப்பி ஆவாது. பழைய இடத்தோட சேந்து போயிடும். நீங்க சொன்னா நான் தனியா ஒரு காப்பி போட்டு வைக்கறேன். யாருக்கும் தெரியாது."

ஃபேன் சத்தம். கீழே யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும். ஒப்பாரி எழுந்து அடங்கியது.

"அவரு லாகின் பண்ணாதான அது விரியும்" என்றாள்.

"ஆமாக்கா."

"அப்புறம் எதுக்கு? வேணாம்."

அவன் பெயர்மேல் அம்பை நிறுத்தினாள். ஆள்காட்டி விரல் அழுந்தியது. அவள் லாகினில் அது வலது பட்டன். தேர்வுகள் விரிந்தன. அவளுக்கு வேண்டியதும் அதுதான். நடுவிரலால் 'வெளியேற்று' என்பதை அழுத்தினாள். சேமிக்காதவை அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது. நடுவிரலை மறுபடி அழுத்தினாள்.

பெயர் உடனே போகவில்லை. வெளிறி நின்றது. பிறகு கீழே இருந்த பெயர் மேலேறி அந்த இடத்துக்கு வந்தது.

"க்ளியர் ஆயிடுச்சுக்கா" என்றான் பிரபு. வைப்பான் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

"என்ன?"

"பழைய ரூல்ஸ க்ளீன் பண்ணச் சொல்லிருக்காங்க. மவுஸ் பட்டனுக்கு ஒரு எக்ஸெப்ஷன் கெடக்கு. அண்ணன் பேருக்கு மட்டும். காரணம் ஒண்ணும் போடல. அத..."

"நான் போட்டது."

"தெரியும்க்கா. எல்லாருக்கும் தெரியும். எடுத்துடவா?"

வானதியின் கை மவுஸ்மேலேயே இருந்தது. மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்திருந்தது.

"பேர மட்டும் எடு. ரூல் இருக்கட்டும்."

"பேர் இல்லன்னா எல்லாருக்கும் ஆயிடுமே."

"ஆவட்டும்."

"ஆடிட்ல காரணம் கேப்பாங்களேக்கா."

"இடதுகைக்காரங்க இருக்காங்கன்னு போடு."

பிரபு கீபோர்டில் தட்டுவது கேட்டது. "போட்டுட்டேன்க்கா" என்றான்.

அவள் வெளியேறினாள். பெயர் கேட்கும் கட்டம் வந்தது. அதில் இப்போது அவள் பெயர் இருந்தது. ஃபேனை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

ஆண்கள் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். சிங்காரவேலு ஈர வேட்டியோடு வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, நாளைக்கு யார் மடை அடைப்பது என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். வானதியின் பிறந்த வீட்டிலிருந்து சோறு கொண்டு வந்திருந்தார்கள். முதல் இலை அவனுக்கு. விளக்குக்கு முன்னால் வள்ளியம்மை இலையைப் போட்டாள். தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். தம்ளரில் தண்ணீர் ஊற்றி இலைக்கு இடப்பக்கம் வைத்தாள்.

"அண்ணி, தம்ளரு வலப்பக்கம்" என்றாள் அம்சம். குனிந்து அவளே எடுத்து மாற்றி வைத்தாள்.

வள்ளியம்மை சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். அப்பளத்தை ஓரத்தில் வைத்தாள். எல்லாம் வைத்து முடித்து, முழங்காலில் கை ஊன்றி எழப்போனவள் நின்றாள். இலையின் குறுக்கே கையை நீட்டித் தம்ளரை எடுத்து மறுபடி இடப்பக்கம் வைத்தாள்.

அம்சம் வாயைத் திறந்தாள். வானதியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

தம்ளரில் தண்ணீர் ஆடி அடங்கியது.