காம்பவுண்டுக்குள் ஒரு நில் பலகை

1

இந்தக் கதை என் மானம் போன இடத்தில் தொடங்குகிறது. அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். அரூர்ப் பக்கம் ஒரு மரவள்ளிக் கிழங்கு மில்லுக்கு, சித்தப்பா போட்ட குச்சிக்கிழங்கின் எடைச் சீட்டை வாங்கப் போயிருந்தேன். மில்லுக்குள் ஒரு திருப்பத்தில் 'நில்' என்று சிவப்புப் பலகை இருந்தது. நான் வண்டியை நிறுத்தவில்லை. காவலாளி விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். எல்லாரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்.

"இது என்ன கவர்ன்மெண்ட் ரோடா? நீங்க என்ன போலீஸா?"

"இல்லீங்க சார். அந்தப் பக்கம் பொம்பளைங்க கூடையத் தூக்கிக்கிட்டு குறுக்க வருவாங்க. அதுக்குத்தானுங்க," என்றார். அப்புறம் திரும்பிப் போய்த் தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தைத்தான் இப்போது கதை என்று உங்கள் தலையில் கட்டுகிறேன்.

(இதற்குமேல் வருவதெல்லாம் நானாகக் கட்டியது. அந்த நாற்காலியும் விசிலும் மட்டும் நிஜம்.)

2

முதல் வரிக்கே நாலு நாள் ஆயிற்று.

'ஐம்பத்தெட்டு வயதிலும் பச்சியப்பன் சட்டத்தின் காவலனாக —'

(வேண்டாம். அவருக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதானே விஷயம்.)

'காலைக் கதிரவன் தன் பொற்கரங்களால் —'

(எழுதினவன் கையை முறிக்க வேண்டும்.)

சரி, நேராகவே சொல்கிறேன். முதலாளி சந்திரமோகன் மில்லுக்குள் நாலு பலகை வைத்தார்; திருப்பத்தில் இருந்தது 'நில்'. காவலாளி பச்சியப்பனிடம் ஒரு விசிலைக் கொடுத்தார். அபராதம் போட அவருக்கு அதிகாரம் கிடையாது. வண்டியைத் திருப்பி அனுப்பவும் முடியாது, அனுப்பினால் கிழங்கு அடுத்த மில்லுக்குப் போய்விடும். ஊதலாம், அவ்வளவுதான். நாளுக்கு எழுபது வண்டி வந்தால் நிற்பது ஆறோ ஏழோ. அவர்களும் முதல் தடவை வருகிறவர்கள்; ரெண்டாம் தடவை அவர்களும் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "என்னா பச்சி, மாமூல் வேணுமா?" என்று கிண்டல் வேறு.

3

ஆயுத பூஜை வந்தது. நம்மூரில் எதற்கெல்லாம் பொட்டு வைப்போம் என்று உங்களுக்குத் தெரியாததா? எடை மேடைக்கு வைத்தார்கள், மோட்டாருக்கு வைத்தார்கள், கிழங்கு சீவுகிற கத்திக்கு வைத்தார்கள். பச்சியப்பனுக்கு ஆயுதம் என்றால் விசிலும் நில் பலகையும்தான். விசிலுக்குச் சந்தனம் வைத்தார். பலகையைக் கழுவித் துடைத்து, கம்பத்தில் நல்ல உயரமான வாழைக்கன்று ஒன்றைக் கட்டினார். அந்தப் பலகைக்கு மரியாதை செய்த ஒரே மனிதர் அவர்தான்.

"உங்க சாமி ஜோராத்தான் இருக்குதுங்ணா," என்று தோலுரிக்கும் குள்ளம்மாள் சிரித்தாள்.

பூஜைக்குக் கட்டிய வாழையைப் பச்சையாக இருக்கும்போது அவிழ்ப்பது ஆகாது என்பது அந்த மில்லில் வழக்கம். மூன்றாம் நாள் இலை மடிந்து தொங்கி, பலகையை முழுசாக மூடிக்கொண்டது. பெண்கள் இருக்கும் பக்கத்துக்குப் பலகையின் முதுகுதான் தெரியும். வழக்கமான வண்டிக்காரர்கள் அதை என்றைக்குப் பார்த்தார்கள், அன்றைக்குப் பார்க்க? பச்சியப்பன் மட்டும் பார்த்தார். சாயங்காலம் அவிழ்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு, சித்தேரி மலையிலிருந்து கோகுல்ராஜ் பிக்கப்பில் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்தான். மில்லுக்கு அவன் வருவது அதுதான் முதல் தடவை. பலகை தெரியவில்லை, நிற்காமல் திரும்பினான். பச்சியப்பன் ஊதவில்லை.* கூடையோடு குறுக்கே வந்த குள்ளம்மாளின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

எல்லாரும் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். பச்சியப்பன் வாழையை வெட்டி, பின்னால் கட்டியிருந்த மாட்டுக்குப் போட்டார். போலீஸ் வந்தபோது பலகை பளிச்சென்று இருந்தது.

* ஊதினார் என்று ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். உடனே நல்லவராகிவிட்டார், ஆனால் நம்பும்படியாக இல்லை. ஊதி ஊதி அலுத்த மனுஷன் ஒரு வண்டிக்கு ஊதாமல் விடுவார். நானாக இருந்தாலும் விட்டிருப்பேன்.

4

"உங்க காம்பவுண்டுக்குள்ள நீங்க வெச்ச போர்டுக்கெல்லாம் நான் பைன் போட முடியாதுங்க," என்றார் எஸ்.ஐ. "ஆனா ஆள் அடிபட்டிருக்குது, கேஸ் கேஸ்தான். போர்டு தெரிஞ்சுதா இல்லியான்னு உங்க வாட்ச்மேன் நாளைக்கு வந்து எழுதிக் குடுக்கட்டும்."

"பளிச்சுனு தெரிஞ்சுதுன்னு எழுதிக் குடு பச்சி," என்றார் சந்திரமோகன். "போர்டும் வெச்சு, ஆளும் போட்டிருக்கோம். இதுக்கு மேல என்ன பண்றது?"

முடிவு ஒன்று: பச்சியப்பன் உண்மையைச் சொல்கிறார். வேலை போகிறது. (இந்த வயதில் வேறு யார் அவருக்கு நாற்காலி போடுவார்கள்?)

முடிவு இரண்டு: 'தெரிந்தது' என்று எழுதுகிறார். பழி முழுக்க கோகுல்ராஜ் தலையில் விழுகிறது, லைசென்ஸும் போகிறது. பச்சியப்பன் மறுநாள் வேலைக்கு வருகிறார். (இப்படித்தான் நடக்கும். எழுதத்தான் கை வரவில்லை.)

முடிவு மூன்று: குள்ளம்மாள் எல்லாரையும் மன்னித்து — (சீ. காலில் கம்பி வைத்துப் படுத்திருக்கிறவளை இதற்கும் வேலை வாங்குவதா?)

5

மறுநாள் ஸ்டேஷன் வாசலில் பச்சியப்பனைப் பார்த்ததும் கோகுல்ராஜ் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான். கண் வீங்கியிருந்தது.

"மன்னிச்சிருங்கணா. நீங்க விசில் ஊதியிருப்பீங்க, எனக்குத்தான் காதுல வுழல. நேத்துலேர்ந்து நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், அந்த போர்டு நெனப்புலயே வர மாட்டேங்குது. அவ்ளோ பெரிய போர்டு! எம்மேல எனக்கே பயமா இருக்குதுணா. இனிமே எப்படி ஸ்டியரிங்கத் தொடுவேன்?" என்றான். பிறகு குரலை இறக்கிக் கேட்டான்: "நெசமாவே போர்டு தெரிஞ்சுதாணா?"

இந்த இடத்தில் பத்து நாளாக உட்கார்ந்திருக்கிறேன். பச்சியப்பனை உள்ளே காகிதத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள். எனக்கும் அலுத்துவிட்டது, அவரைத் திட்டவும் மனமில்லை, தப்பிக்க விடவும் மனமில்லை.

அந்த இலை பலகையை மூடியிருந்தது மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவருக்கு, எனக்கு, உங்களுக்கு. அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வாய் வரவில்லை. கோகுல்ராஜ் அங்கேயேதான் நிற்கிறான், நீங்களாவது அவனுக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.