உதட்டால் இறக்கிய சுரம்

விமல்ராஜ் நாயனத்தைக் கீழே வைத்தபோது மாறனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தோடியில் இறங்கி வந்து, அடி சுரத்தை விரலை விட்டுவிட்டு உதட்டாலேயே இழுத்து இறக்கினான் அந்தப் பயல். அந்த இறக்கம் மாறனுடையது. பதினெட்டு வருஷமாக அடி அண்ணாமலை திரௌபதி அம்மன் ஊர்வலத்துக்கு அவனைக் கூப்பிடுவதே அதற்காகத்தான்.

"என்னாய்யா மாறா, அச்சு அசல் உன்னை மாதிரியே இறக்குறான்?" என்றார் விழாக் கமிட்டி சக்கரவர்த்தி. "இவனுக்கு முப்பது வயசுகூட ஆவல. விடியிற வரைக்கும் தம் கட்டுவான். இந்த வருஷம் இவனையே வச்சுக்கலாம்னு பாக்குறேன்."

"திருட்டுங்க. போன்ல என் வாசிப்பைப் பாத்துத் திருடியிருக்கான்."

சக்கரவர்த்தி டீ சொல்லப் போனார். விமல்ராஜ் மாறனிடம் நெருங்கி வந்தான்.

"யோவ், உன் மூஞ்சியையே இன்னிக்குத்தான் பாக்குறேன். ஆசிரமத்துப் பக்கத்துக் குரங்கும் ஜூஸ் பாக்கெட்டை மூலையில கடிச்சுத்தான் உறியுது. இங்க இருக்கிற குரங்கும் அப்படித்தான் உறியுது. எது எதுகிட்ட திருடுச்சு? பாக்கெட்டு அப்படி இருக்குது, வேற எப்படிக் குடிக்கும்?"

துண்டுக்குள்ளிருந்து வலது கையை எடுத்தான். சுண்டுவிரல் கொக்கியாக மடங்கி விறைத்திருந்தது.

"போர் போடுற வண்டியில வேலை பாத்தப்ப விரல்ல பைப்பு விழுந்துச்சு. கடைசி ஓட்டையை மூட முடியல, உதட்டால இழுத்தேன். அவ்ளோதான்."

மாறன் தன் துண்டை வலது கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டான். இருபது வயதில் குவாரியில் ஒரு பாறை அவன் வலது சுண்டுவிரலை நசுக்கியது. அன்றிலிருந்து அது மடங்காது. அவனும் அந்த ஓட்டையை மூட முடியாமல்தான் உதட்டுக்குப் போனான். ஊர் அதை வித்தை என்றது. அவனும் அப்படியே வைத்துக்கொண்டான். உடம்பில் குறை உள்ளவன் அம்மன் முன்னால் வாசிக்கக் கூடாது என்பது கமிட்டியின் கட்டுப்பாடு. அதனால் நாயனம் கையில் இல்லாத நேரமெல்லாம் துண்டு அந்தக் கையை மூடியிருக்கும்.

இவன் திருடவில்லை என்று தெரிந்துவிட்டது. ஆத்திரம் குறையவில்லை, அவனைத் துரத்த வழிதான் கிடைத்தது.

சக்கரவர்த்தி திரும்பி வந்ததும் மாறன் பாய்ந்து விமல்ராஜின் மணிக்கட்டைப் பிடித்து உயரத் தூக்கினான்.

"பாருங்க, முடங்கின விரலு! இவனையா அம்மன் முன்னாடி நிறுத்தப் போறீங்க?"

விமல்ராஜ் திமிறினான். மாறன் இன்னும் இறுக்கினான். அவனுடைய மற்ற விரல்கள் பிடித்தன. சுண்டுவிரல் மட்டும் குச்சி மாதிரி விறைத்து வெளியே நின்றது.

சக்கரவர்த்தி இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷமாவா?" என்றார். "ரெண்டு பேரும் கிளம்புங்க. நான் செங்கத்துல வேற செட்டு பாத்துக்கறேன்."

"கையை விடுய்யா, நாயே" என்றான் விமல்ராஜ்.

மாறன் விடவில்லை.